பதினான்காவது கேள்வி: டயர் மாற்றினீர்களா?

எங்கள் நிறுவனத்தில் ஸ்கேனர் வேனை எடுக்கிறவர் தினமும் காலையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மொத்தம் பதினான்கு கேள்விகள். கூரை மேல் இருக்கிற பெட்டியின் திருகாணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, கண்ணாடியைத் துடைத்தாயிற்றா, பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பதின்மூன்று கேள்விகள் ஒழுங்காக அச்சில் இருக்கும். கடைசிக் கேள்வி மட்டும் யாரோ பென்சிலால் எழுதி, அதை அப்படியே நகலெடுத்தது. மலாயில் இரண்டே சொல். தமிழில் சொன்னால், டயர் மாற்றினீர்களா?

என் இடத்துக்கு வந்திருக்கிற புது ஓட்டுநர் கவிதா போன மாதம் எனக்குப் போன் பண்ணினாள். "அங்கிள், இந்தக் கடைசிக் கேள்வி உங்களாலதான் வந்துச்சாம். என்னன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க, உங்ககிட்டயே கேக்கச் சொல்றாங்க" என்றாள். சிரிக்கட்டும். நானும்தான் சிரிக்கிறேன், இப்போது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். போனால் போகட்டும், ஓய்வு பெற்ற பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்.

ஜொகூரில் நான் முதலில் தொழிற்சாலை பஸ் ஓட்டினேன். இருபது வருஷம் விடியற்காலையில் ஆட்களை ஏற்றி, சாயங்காலம் இறக்கினேன். அந்தத் தொழிற்சாலையை மூடியதும், நில அளவை நிறுவனம் ஒன்றில் ஓட்டுநர் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொல்லிப் போனேன். நேர்முகத் தேர்வு நடத்தியவர் விஜயா மேடம். அவர்தான் அங்கே தலைமை அளவையாளர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் சான்றிதழ் எதையும் அவர் பார்க்கவில்லை. வேன் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கச்சான் பொட்டலத்தைப் பிரித்தார். ஸ்கூடாய் வரைக்கும் போய்த் திரும்பினோம். வழி நெடுகக் கடலையை உரித்துச் சாப்பிட்டாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "இருபத்திமூணு தடவை பிரேக் போட்டீங்க. அதுல அஞ்சு தேவையில்லாதது. நாளைக்கு வாங்க" என்றார். எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்த அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது என்று. புரியவில்லை.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேன் கூரையில் இருக்கிற ஸ்கேனர் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே நாலாபக்கமும் லேசர் ஒளியை விடும். சுவர், மரம், கரண்டுக் கம்பி, குப்பைத் தொட்டி என்று எதில் பட்டாலும் ஒளி திரும்பி வரும். திரும்புகிற ஒவ்வொரு ஒளிக்கும் ஒரு புள்ளி. விநாடிக்கு லட்சக்கணக்கில் புள்ளிகள் சேரும். எல்லாவற்றையும் கணினியில் கூட்டினால் தெரு அப்படியே எழுந்து நிற்கும், உயரம் அகலம் எல்லாம் அளக்கலாம். சாலை அகலப்படுத்துகிறவர்கள், சாக்கடை கட்டுகிறவர்கள் எல்லாரும் அதை வைத்துத்தான் வரைபடம் போடுவார்கள்.

ஓட்டுநருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் திறந்த வானத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் வண்டி அசையாமல் நிற்க வேண்டும். கதவைக்கூடத் திறக்கக் கூடாது, தும்மினால்கூட மேடம் முறைப்பார். பிறகு காலி மைதானத்தில் எட்டுப் போட்டுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கிற கருவிக்குத் தான் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பிடிபடும். பேரங்காடி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் நான் காலை ஏழு மணிக்கு எட்டுப் போடுவதைப் பார்த்த நேப்பாளக் காவலாளி, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்து கைகாட்டி உதவினார். மூன்று நாள் உதவினார். நான்காம் நாள் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் தெருவுக்குள் இறங்கினால் நாற்பதுக்கு மேலே போகக் கூடாது. ஸ்கூடாயில் பல்கலைக்கழக மாணவர்கள் போகிற வேகத்துக்கு நாற்பது என்றால் நிற்பதற்குச் சமம். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரனை அமுக்குவான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை சொல்லியும் இருக்கிறேன். தாமான் என்கிற குடியிருப்புகளுக்குள் போனால் வேறு கூத்து. பெர்மாஸ் ஜெயாவில் என் சொந்தத் தெருவை ஓட்டப் போன அன்று, மூன்றாவது வீட்டு அம்மா வாசலுக்கு வந்து வழி மறித்தார். "நாளைக்கு வாங்களேன் சந்திரன், கேட்டுக்கு இன்னைக்குத்தான் பெயின்ட் அடிக்கிறோம்" என்றார். இது நிறம் பார்க்கிற வேலை இல்லை என்றால் கேட்கவே இல்லை. என் மனைவி கொடியில் காயப்போட்டிருந்த துணியை எல்லாம் அவசரமாக உருவிக்கொண்டு ஓடியதும் அந்தப் புள்ளிகளில் பதிவாகியிருக்கிறது. ஓடியதால் உருவம் இழுபட்டுப்போய்ப் பத்தடி நீளத்துக்கு விழுந்திருந்தார். இன்றைக்கும் அதைச் சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

இப்போது டயருக்கு வருகிறேன். வேன் தான் இருக்கிற இடத்தை ஜிபிஎஸ் வைத்துத் தெரிந்துகொள்ளும். மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தால் வானம் மறைந்துவிடும், ஜிபிஎஸ் கைவிட்டுவிடும். அந்த நேரத்துக்காக இடப்பக்கப் பின்சக்கரத்தில் ஒரு கருவி மாட்டியிருக்கும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுவது அதன் வேலை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது கணினியில் ஓர் எண்ணாக இருக்கும். டயரை மாற்றினால் அந்தத் தூரம் மாறும். அதனால் டயர் மாற்றியதும் மேடத்திடம் சொல்லி, ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிற நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்து அந்த எண்ணைத் திருத்த வேண்டும். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அந்தச் சக்கரத்தில் கை வைத்தால் சொல்லிவிடு என்பதுதான்.

அது டுரியான் காலம். அன்றைக்கு ஸ்கூடாய்ப் பக்கம் மேம்பாலத்துக்கு அடியில் போகிற ஒருவழிச் சாலையில் வேலை. கணினியைப் பார்க்கிற அஸ்மான் நேராக அங்கே வந்துவிடுவார், அலுவலகத்திலிருந்து நான் மட்டும் வேனைக் கொண்டுபோக வேண்டும். தம்போயில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சாலையோரத்தில் பலகை அடித்துப் பழம் விற்கிறார், காலையிலேயே போனால் நல்லதாகக் கிடைக்கும். பத்து நிமிடச் சுற்றுவழிதானே என்று வண்டியைத் திருப்பினேன். டுரியான் வாடை லேசில் போகாது, அதனால் வேனுக்குள் அதை ஏற்றக் கூடாது என்று மேடம் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். நான்கு பழத்தை வாங்கிச் சாக்கில் சுற்றி, கருவிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். வண்டியை எடுத்தால் தடதடவென்கிறது. பலகையிலிருந்து விழுந்த ஆணி, சரியாக இடப்பக்கப் பின்சக்கரத்தில். அலமாக் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நாலு கடை தள்ளி ஒரு டயர் கடை. ஆணி டயரின் பக்கவாட்டில் ஏறிவிட்டது, ஒட்ட முடியாது என்றார் கடைக்காரர். பழைய டயர் ஒன்றை எடுத்து மாட்டிக் கொடுத்தார். அளவு கொஞ்சம் வித்தியாசம், ஆனால் ஓடும் என்றார். ஓடியது. மேடத்துக்குப் போன் பண்ண எடுத்தேன். தம்போய்க்கு ஏன் போனீர்கள் என்று கேட்பாரே என்று நினைத்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மட்டமான காரியங்களில் அது ஒன்று.

அந்தச் சாலையை விதிப்படி இரண்டு தடவை ஓட்டினோம். இரண்டு ஓட்டமும் ஒத்துப்போனால்தான் சரி என்பது மேடத்தின் சட்டம். அச்சு அசலாக ஒத்துப்போனது. ஏன் போகாது, இரண்டு தடவையும் அதே டயர், அதே தப்பு. பாலத்தடியில் சரிபார்ப்பதற்காகத் தரையில் ஒரு வெள்ளைக்குறி போட்டிருந்தோம். அதன் மேல் காய்கறி லோரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மற்ற குறிகள் எல்லாம் பாலத்துக்கு வெளியே, ஜிபிஎஸ் கிடைக்கிற இடத்தில் இருந்ததால் சரியாக வந்தன. அதனால் லோரிக்கு அடியில் இருந்ததை விட்டுவிட்டார்கள். அடுத்த நாளே வழக்கமான புது டயர் மாட்டச் சொல்லி, அதற்கு மட்டும் மேடத்திடம் சொல்லி முறைப்படி எல்லாம் செய்தேன். வேனுக்குள் அடித்த வாடைக்காக ஏசியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று திரும்ப மாட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போனது. அந்தப் பாலத்தடிச் சாலையும் ஒரு சந்தும் சேர்கிற மூலையில் ஹமீத் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், எனக்கு மூத்தவர். அவருடைய முர்தாபாவுக்காக, கறி வைத்து மடிக்கிற அந்த ரொட்டிக்காக, நான் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வருவேன். அன்றைக்குப் போனபோது கடையின் சந்துப்பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிய பெருக்கல் குறி. பாய் தட்டைக்கூட வைக்காமல் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"தம்பி, நீ ரோட்டு வேலைதானே பாக்குற. இது என்னன்னு படிச்சுச் சொல்லு."

சந்தை அகலப்படுத்துகிறார்கள். அவருடைய சமையற்கட்டுச் சுவர் எல்லைக்கோட்டைத் தாண்டி முக்கால் மீட்டர் சந்துக்குள் வந்திருக்கிறது, அதை இடிக்க வேண்டும், மறுப்பு இருந்தால் பதினான்கு நாளுக்குள் சொல்லலாம் என்று இருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் ரொட்டிக் கல், அடுப்பு, புகைபோக்கி எல்லாம். அதை இடித்தால் கடையில் மிஞ்சுவது நாற்காலிகள்தான்.

"கட்டும்போது கயிறு பிடிச்சவனே நான்தான். ஒரு விரக்கடை வெளிய போகல. இப்ப மிஷின் சொல்லுதாம், மிஷின் பொய் சொல்லாதாம். மவன் கடைய மூடிட்டுச் சிங்கப்பூர் போலாங்கிறான்" என்றார். சொல்லிவிட்டுக் கல்லடிக்குப் போய் மாவை வீசினார். என்றைக்கும் வட்டமாக விழுகிற ரொட்டி அன்றைக்குக் கோணலாக விழுந்தது.

கடிதத்தோடு எங்கள் வேன் எடுத்த படத்தின் ஒரு துண்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடை. படத்தில் அந்தக் கடை தன் எல்லையிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே தள்ளி நின்றது. ஜொகூரில் கடை கட்டுகிறவன் எவனாவது முக்கால் மீட்டர் நிலத்தைச் சும்மா விடுவானா? அதுவும் அந்த ஆள் ஐந்தடி நடைபாதையில்கூட வாளியும் ஏணியும் அடுக்கி வைத்திருக்கிறவர். அப்படியென்றால் இரண்டு சுவரும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கம், சாலையின் போக்கிலேயே நகர்ந்திருக்கின்றன. நகர்த்தியது யார் என்று எனக்குத் தெரியும். தே தாரிக் டீயைத் தள்ளி வைத்தேன்.

பாயிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். நேராக அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் வேலை போய்விடும் என்ற பயம். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது, மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள்.

மேடத்தின் குணத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவன் முன்னால் வந்து நின்றால் அவர் ஒரே ஒரு சொல்தான் சொல்வார். அதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நம்மிடம் இருக்கிறதெல்லாம் தீருகிற வரைக்கும் விடமாட்டார்.

"மேடம், அந்தப் பாலத்தடி வேலை தப்பு" என்றேன்.

கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார். "அப்புறம்?"

"அன்னைக்கு டயர் மாத்தினேன். இடது பின்சக்கரம்."

"அப்புறம்?"

"உங்ககிட்ட சொல்லல. ஆணி ஏறிடுச்சு, பழைய டயர் போட்டேன். தம்போய்ல."

"நம்ம வழி தம்போய்க்குள்ள போகாதே. அப்புறம்?"

"டுரியான் வாங்கப் போனேன் மேடம்."

மடித்து வைத்த பொட்டலத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அந்த ஏசிய மூணு மணி நேரம் கழட்டினாங்க. நீங்க டார்ச் பிடிச்சீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் பாய் கடையையும் சிவப்புக் குறியையும் எதிர்க்கடைச் சுவரையும் சொன்னேன். மறுப்புக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்றேன். அவர் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார். வேலை நீக்கக் கடிதம் என்றுதான் நினைத்தேன். எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினார். சாலைத் திட்டக்காரர்களுக்கு எழுதியது. பாலத்தடிப் பகுதியின் அளவில் எங்கள் தரப்பில் பிழை, மறுபடி எடுத்துத் தருகிறோம், அதுவரை எதையும் இடிக்க வேண்டாம். கீழே அவருடைய கையெழுத்து. என் பெயர் எங்கேயும் இல்லை.

"ஒருவேளை அந்தச் சுவர் நெசமாவே வெளிய இருந்தா என்ன பண்ணுவீங்க, சந்திரன்?" என்று கேட்டார். "இருந்தா இருக்குன்னுதான் எழுதுவேன். பாய்க்காக அளக்கல நாம" என்று அவரே பதிலும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு செல்லாததற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

மறுநாள் காலை நேர்ச்சாலையில் ஓட்டிச் சக்கரத்தின் எண்ணைச் சரிபார்த்தோம். மேடமே பாலத்தடிக்கு வந்து, தூரத்துக் குறிகளிலிருந்து முக்காலியில் அளவைக் கருவியை வைத்து அளந்துகொண்டே வந்து, வெள்ளைக்குறி ஒன்று இருந்த இடத்தில் மூன்றாகப் போட்டார். பழையபடி காய்கறி லோரி. அதை நகர்த்தச் சொன்னால் ஓட்டுநர் முறைக்கிறார். ஹமீத் பாய் சத்தம் கேட்டு வெளியே வந்து, லோரிக்காரரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இரண்டு முர்தாபா வைத்தார். லோரி நகர்ந்தது. நாங்கள் ஓட்டும்போது மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே வராமல், தோள்துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சந்து முனையில் பாயே நின்றார். எதற்காக மறுபடி ஓட்டுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று தடவை ஓட்டினேன், ஒரு தேவையில்லாத பிரேக் இல்லை.

இரண்டு நாள் கழித்து மேடம் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் எல்லைக்கோடு மஞ்சளாக ஓடியது. பாயின் சுவர் அதற்கு நான்கு விரற்கடை உள்ளேயே நின்றது. எதிர்க்கடைச் சுவர் தன் எல்லையில் பொட்டுப் பிசகாமல் நின்றது. சந்து முனையில் ஓர் ஆள் துண்டோடு முழுசாக விழுந்திருந்தார், அசையாமல் நின்றால்தான் அப்படி முழுசாக விழும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்துநாலு வயதில் அலுவலகத்தில் அழுதேன், கவிதா, இதையும் எழுதிவிடுகிறேன்.

தண்டனை உண்டு. இரண்டு வாரம் சாவியை வாங்கிக்கொண்டார். கணினி முன்னால் உட்கார வைத்து, தெருப் படங்களிலிருந்து மோட்டார் சைக்கிளையும் நடந்து போகிறவர்களையும் ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். பாயை அழிக்க வேண்டிய முறை வந்தபோது அவரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். சாவி திரும்பி வந்த அன்று படிவத்தில் பென்சிலால் பதினான்காவது கேள்வி இருந்தது.

அன்றைக்கே பாய் கடைக்குப் போனேன். இதற்கு மேலும் சொல்லாமல் அவர் கையால் சாப்பிட முடியாது. ஆணி, டயர், டுரியான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் கேட்டுக்கொண்டே மாவை உருட்டினார்.

"ஒம்போது நாள் நான் தூங்கல, தம்பி" என்றார் கடைசியில்.

"தெரியும் பாய்."

"அந்த டுரியானாச்சும் நல்லா இருந்துச்சா?"

"நாலுல ரெண்டு புழு, பாய்" என்றேன்.

அப்போதுதான் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமானது. அப்புறம் எனக்கு ஒரு முர்தாபா போட்டார், மாவு வட்டமாகவே விழுந்தது. அந்தச் சிவப்புக் குறியின் மேல் மட்டும் அவர் இன்றுவரை பெயின்ட் அடிக்கவில்லை.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அந்தச் சுவரை ஒட்டிய மேசையில்தான் நான் உட்காருகிறேன். போன வியாழக்கிழமை காலை தே குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வேன் பாலத்தடியில் நாற்பதில் போனது. கவிதா நன்றாகத்தான் ஓட்டுகிறாள். என் கண் தன்னால் இடப்பக்கப் பின்சக்கரத்துக்குப் போனது. டயர் புதுசு, கறுகறுவென்று பளபளத்தது. அவள் ஓட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து போன் பண்ணினேன்.

"பாத்துட்டீங்களா அங்கிள்?" என்று சிரித்தாள். "நேத்தே மாத்தினேன். பதினாலாவதுக்கு ஆமான்னு எழுதிட்டேன். நேர்ரோட்டுல ஓட்டி நம்பரும் திருத்தியாச்சு. அப்பவும் மேடம் விடல, 'அப்புறம்?'னு கேட்டாங்க. அப்புறம் ஒண்ணுமே இல்ல மேடம்னேன்."

போனை வைத்தேன். யார் என்று பாய் கல்லடியிலிருந்து கேட்டார். ஆபீஸ்தான் பாய், சுவருக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் திரும்பிச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த ரொட்டியை வீசினார்.